மூன்று அளவுகளின் சராசரி காட்டும் இரத்த அழுத்தமானி

மேற்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், தானாகவே இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து சராசரியைக் காட்டுவது இந்த இரத்த அழுத்தமானியின் சிறப்பு. பொறுமையைச் சோதிக்கும் ஏற்பாடுதான்; ஆனால் உடலின் போக்கறிந்து செய்யப்பட்டது.

கழுத்துத் தமனி கிளைபிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள், குழாய்ச் சுவர் விரிவதை ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகள் வழியே மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்கு இடைவிடாமல் தெரிவிக்கின்றன. அழுத்தம் தாழ்ந்து அந்தச் சமிக்ஞை தளர்ந்தால், உடலை அவசரநிலைக்கு ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. அவற்றின் முனையில் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள், இரத்தக்குழாய்த் தசையிலுள்ள ஆல்பா-1 ஏற்பிகளில் (வேதிச் சமிக்ஞையை ஏற்கும் புரதங்களில்) இணைந்து குழாயைச் சுருக்குகிறது, இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளில் இணைந்து துடிப்பை விரைவாக்குகிறது. பேச்சு, பதற்றம், நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியவையும் பரிவு நரம்புகளைத் தூண்டுவதால் முதல் அளவு பெரும்பாலும் கூடுதலாகவே வருகிறது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் அளக்கச் சொல்லும் கையேட்டை அலட்சியம் செய்ய வேண்டாம்.

எழுந்து நிற்கையில்தான் கருவியின் குறை தெரிகிறது. நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்க, மேற்சொன்ன அனிச்சைச் செயல் சில நொடிகளிலேயே அழுத்தத்தை மீட்டுவிடுகிறது. பட்டை இறுகித் தளர்வதற்குள் அந்த நாடகம் முடிந்துவிடும். எனினும், நின்று மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மி.மீ. (பாதரசம்) குறைந்தே நிற்கிறதா என்று பார்க்க, ஒற்றை அளவு முறை போதும். ஆல்பா ஏற்பிகளைத் தடுக்கும் பிராசோசின் போன்ற மருந்தைத் தொடங்கியவர்களுக்கு இது மிகவும் பயன்படும். குறைவு தென்பட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் மருந்தை உட்கொள்பவர்களுக்கோ நின்றபின் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது என்பதால், திரையில் நாடித்துடிப்பைக் காட்டும் மூன்றாவது எண்ணை அதற்கேற்பப் படிக்க வேண்டும். இத்தனைக்கும், நின்று எடுத்ததா அமர்ந்து எடுத்ததா என்று குறித்துவைக்கும் வசதி நினைவகத்தில் இல்லை. தனியாக ஒரு குறிப்பேடு தேவைப்படுகிறது.

ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டும் குறியீடு உண்டு. அது அடிக்கடி தோன்றினால் எண்களை அப்படியே நம்பாமல் மருத்துவரை அணுகுவது நல்லது. துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறும்போது, பட்டையில் எழும் அதிர்வுகளைக் கொண்டு கணக்கிடும் இம்முறை தடுமாறும். உடன் வரும் பட்டை நடுத்தரக் கைக்கு ஏற்றது. பருத்த கையில் அதையே சுற்றினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், அத்தகையவர்கள் பெரிய பட்டையையும் சேர்த்தே வாங்க வேண்டும்.