சூப்புக்குத் தோதான சீரக மிளகு சோடா பிரெட்

சூப் வைக்கிற நாளில் கடை பிரெட் வாங்குவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது எங்கள் வீட்டில் ஐரிஷ் சோடா பிரெட்தான். ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்கக் காத்திருக்க வேண்டாம். மாவு, ஆப்பசோடா, உப்பு, மோர், அவ்வளவுதான். அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் சோடா கிடைக்க ஆரம்பித்த பிறகு பரவிய ரொட்டி இது. அந்த ஊர்க் கோதுமையில் பசைத்தன்மை குறைவு, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவாக ஒத்துவராது. சோடாவுக்கு அந்தப் பசை தேவையில்லை. நம் மைதாவிலும் நன்றாகவே வருவது அதனால்தான்.

நான் எடுக்கும் அளவு: மைதா 300 கிராம், கோதுமை மாவு 150 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, சுமார் 350 மில்லி மோர். முழுக்கக் கோதுமை மாவிலும் செய்யலாம், ஆனால் கனத்துவிடும், மோரும் கூடுதலாகக் கேட்கும்.

மோர்தான் இதில் உயிர். நாம் குடிக்கிற நீர்மோர் போதாது. நன்றாகப் புளித்த கெட்டித் தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்தது வேண்டும். அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் வாயு கிளம்பிவிடும். அதனால் ஓவன் முழுச் சூடு ஏறிய பிறகே மோரை ஊற்ற வேண்டும். புளிப்பு குறைந்தால் சோடா மிஞ்சி நின்று சோப்பு வாடை அடிக்கும்.

அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் இதில் சீமைச்சோம்பும் உலர்திராட்சையும் போடுவார்கள். சூப்போடு சாப்பிட எனக்கு இனிப்பு வேண்டாம். இரண்டு டீஸ்பூன் சீரகத்தை வெறும் வாணலியில் வறுத்து, பாதியை மட்டும் கையால் கசக்கிப் போடுவேன். மிளகு ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டாக இடித்தது. பொடித்த மிளகு ரொட்டி முழுக்கக் காரத்தைப் பரப்பிவிடும்; இடித்ததோ கடிக்கும்போது மட்டும் சுள்ளென்று இருக்கும். தக்காளி சூப்புக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. பருப்பு சூப்பில் ஏற்கெனவே சீரகம் இருந்தால், ரொட்டியில் தனியாவை இடித்துப் போட்டுவிடுங்கள்.

மஞ்சள்தூள் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சோடா கட்டியாக நின்ற இடங்களில் மஞ்சள் சிவந்து புள்ளி விழும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாகிற அதே சங்கதிதான். மாவோடு சோடாவை இரண்டு முறை சலித்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிசையவே கூடாது. கையால் கூட்டிச் சேர்த்து, உருட்டி, மேலே ஆழமாகச் சிலுவைபோல் கீறிவிட வேண்டும். கீறல் வழியாகத்தான் நடுப்பகுதிக்குச் சூடு இறங்கும். 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200க்குக் குறைத்து இன்னும் அரை மணி நேரத்துக்குள் ஆகிவிடும். சின்ன ஓடிஜி ஓவனில் மேல்கம்பி நெருக்கமாக இருப்பதால் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது. எடுத்துக் கவிழ்த்து அடியில் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வர வேண்டும்.

குறை என்றால், சாண்ட்விச்சுக்கு ஆகாது, உதிர்ந்துவிடும். மறுநாளே வறண்டும் போகும். நான் துண்டு போட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி இருபுறமும் வாட்டுவேன். சீரக வாசனை இன்னொரு முறை கிளம்பும். மிஞ்சிய சூப்பையும் கூடவே சூடாக்கி வையுங்கள்.