இரண்டாவது கட்டிலுக்கும் சேர்த்துக் கட்டணம்

முதன்முறை கப்பல் கேபினுக்குள் நுழைந்தபோது எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு தலையணை, இரண்டு துண்டு, இரண்டு குளியல் அங்கி, பால்கனியில் இரண்டு நாற்காலி, படுக்கையின் மேல் இரண்டு சாக்லேட். உடன் வருவதாக இருந்த தோழிக்குக் கடைசி வாரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். வேறு வழியில்லாமல் நான் மட்டும் கிளம்பினேன். அன்றிரவு இரண்டு சாக்லேட்டையும் நானே தின்றேன். இது நடந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு 22 முறை கப்பல் ஏறிவிட்டேன். எல்லாமே தனியாக, எல்லாமே விரும்பியே.

"தனியாகப் போனால் பொழுது போகுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. மூவாயிரம் பேர் நடமாடும் கப்பலில் தனிமையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொகுசுக் கப்பல் இரண்டு பேரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. கட்டணம் முதல் கடைசி நாள் லக்கேஜ் வரை, உங்களோடு இன்னொருவர் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் எல்லாம் நடக்கிறது. அந்த இன்னொருவர் இல்லையென்றால் அவருடைய செலவும் உங்கள் தலையில், அவருடைய வேலையும் உங்கள் தலையில்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் கட்டணம், ஒரு கேபினை இருவர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். இதைத்தான் 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்கிறார்கள். முதல் சில பயணங்களில் இதைக் கண்டு வயிறெரிந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, இரட்டிப்பு அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான் என்று புரிந்தது. துறைமுக வரி, அன்றாட டிப்ஸ், இன்டர்நெட், குடிபானத் தொகுப்பு எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று வருபவை. அவை ஒருவருக்கு ஒருமுறைதான். ஆகவே, அடிப்படைக் கட்டணம் குறைந்து வரி அதிகமாக இருக்கும் குறுகிய பயணத்தில் தனியாளுக்கு விழும் அடி, நீண்ட சொகுசுப் பயணத்தில் விழுவதைவிட லேசானது. விளம்பர எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு மனம் சோர வேண்டாம். பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கம் வரை போய், கடைசித் தொகையைப் பாருங்கள்.

ஒற்றையாள் கேபின்களும் இருக்கின்றன. 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பல்தான் இதைப் பெரிய அளவில் செய்தது. தலா 100 சதுர அடியில் 128 கேபின்கள், அவற்றில் தங்குபவர்களுக்கு மட்டுமான ஓய்வறை. குவீன் மேரி 2 கப்பலில் 2016ஆம் ஆண்டுப் புதுப்பிப்பின்போது 15 ஒற்றையாள் கேபின்களைச் சேர்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் விற்றுப்போகின்றன. சில சமயம் அதே கப்பலில் ஜன்னலில்லாத சாதாரண இருவர் கேபினுக்கு இரட்டைக் கட்டணம் கொடுத்தாலும் இவற்றைவிட மலிவாக இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இருமுறை ஒற்றையாள் கேபினில் தங்கினேன். அறை அலமாரிக்குள் படுத்ததுபோல் இருந்தது. ஆனால் அந்த ஓய்வறையில் பழகியவர்கள் இருவரோடு இன்றும் தொடர்பில் இருக்கிறேன்.

கட்டணம் குறையும் காலம் என்று ஒன்று உண்டு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்கள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம் மாறுகின்றன. கரீபியனில் குளிர்காலத்தைக் கழித்த கப்பல் ஏப்ரல் வாக்கில் ஐரோப்பாவுக்குப் போகும், அக்டோபர், நவம்பரில் திரும்பும். நடுவே ஆறேழு நாள் கரையே தென்படாது. விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் இது ஒத்துவராது என்பதால் இடம் மிஞ்சும், தனியாளுக்கான கூடுதல் கட்டணத்தையும் தளர்த்துவார்கள். புத்தகமும் கையுமாக இருக்கும் எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அட்லாண்டிக்கை மேற்கு நோக்கிக் கடக்கும்போது பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள். 25 மணி நேர நாட்கள்! கிழக்கு நோக்கிப் போனால் அந்தக் கடனை அப்படியே திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் நான் எப்போதும் மேற்கு நோக்கிய பயணத்தையே தேடுவேன்.

இன்னொரு சின்ன ஆறுதல், திரும்பத் திரும்ப வருபவர்களுக்குக் கப்பல் நிறுவனங்கள் தரும் உறுப்பினர் புள்ளிகள். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள், தனியாளாக முழுக் கேபினுக்கும் பணம் கட்டுபவருக்கு இரவுக்கு ஒரு புள்ளி கூடுதலாகத் தருகின்றன. தம்பதிகள் பத்து ஆண்டில் எட்டும் உறுப்பினர் படியை ஐந்தில் எட்டிவிடலாம். கணக்கில் புள்ளி சரியாக ஏறியதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். எனக்கு இருமுறை விட்டுப்போய், எழுதிக் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

கேபின் எங்கே என்பதில் நான் பிடிவாதக்காரி. நீளவாக்கில் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். சீசாப் பலகையின் நுனியில் உட்கார்ந்தவரைத்தான் ஆட்டம் அதிகம் தூக்கிப்போடும், கப்பலும் அப்படித்தான். முன்முனை, பின்முனை, உச்சித்தளம் மூன்றும் ஆட்டம் மிகுந்தவை. டெக் வரைபடத்தை எடுத்து உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. ஒருமுறை நடன அரங்குக்கு நேர் கீழே மாட்டிக்கொண்டு, விடியற்காலை இரண்டு மணி வரை தாளக்கட்டைத் தலைக்குள் கேட்டுக்கொண்டு கிடந்தேன். பால்கனிக்காகக் கூடுதலாகக் கொடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. பனியாறுகளும் மலைகளும் பக்கத்தில் வரும் பயணமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இனி 'இரண்டாவது ஆளின் வேலை'. அதில் முதலாவது, உடம்பைப் பார்த்துக்கொள்வது.

என் ஆறாவது பயணம், பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிஸ்கே வளைகுடா. இரவு முழுவதும் அலை. விடியும்போது எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. இது கடல் மயக்கம் இல்லை என்று தெரிந்தது. தண்ணீர் பாட்டில் ஐந்தடி தூரத்தில் மேசை மேல் இருக்கிறது. அந்த ஐந்தடியைக் கடக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று; சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, கடைசியில் தரையில் உட்கார்ந்தே நகர்ந்து. கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை முந்தைய நாள் இரவு நானே மாட்டியிருந்தேன். ஆகவே அறையைச் சுத்தம் செய்பவரும் மரியாதையாகத் தாண்டிப் போய்விட்டார். மாலைதான் தொலைபேசியை எட்டிப் பிடித்து மருத்துவ மையத்தை அழைத்தேன். இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. நோரோவைரஸ் தொற்று எனச் சந்தேகித்தால் அப்படித்தான் செய்வார்கள்.

அன்றிலிருந்து சில பழக்கங்கள். அந்த அட்டையைப் பகலில் மாட்டுவதே இல்லை. முதல் நாளே அறைப் பணியாளரிடம் பெயர் கேட்டு, என் பெயரைச் சொல்லி, "நான் தனியாக வந்திருக்கிறேன், ஒரு நாள் முழுக்க என்னைப் பார்க்கவில்லையென்றால் கதவைத் தட்டுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் இதை விசித்திரமாகப் பார்த்ததில்லை. தண்ணீர், காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொடி மூன்றும் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் கைத்திரவம் நோரோவைரஸிடம் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவதுதான் கதி. கடல் மயக்கத்துக்கு மாத்திரையை மயக்கம் வருவதற்கு முன்பே போட வேண்டும். பச்சை ஆப்பிளும் இஞ்சியும் கப்பல்காரர்களே தரும் கைவைத்தியம். எனக்குப் பாதி நேரம் கேட்கிறது. கப்பல் மருத்துவச் செலவும், தேவைப்பட்டால் கப்பலிலிருந்து கரைக்குத் தூக்கிச் செல்லும் செலவும் கையைக் கடிக்கும். இரண்டுக்கும் காப்பீடு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

இரண்டாவது வேலை, நேரத்தைப் பார்ப்பது. கப்பலுக்கென்று தனி நேரம் உண்டு, அது கரையின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. கையில் உள்ள போன் கரையிறங்கியதும் அந்த ஊர் கோபுரத்தைப் பிடித்துத் தானாக மாறிக்கொள்ளும். அப்படி ஒரு துறைமுகத்தில் எனக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இருந்தது கால் மணி நேரம். கடைசி முந்நூறு மீட்டரை ஓடித்தான் கடந்தேன். கப்பலில் ஏறும் பாலமான கேங்வேயில் நின்றவர்கள் கை தட்டினார்கள். இருவராக வந்திருந்தால் ஒருவராவது 'மணி என்ன?' என்று கேட்டிருப்பார். இப்போது கையில் முள் கடிகாரம் கட்டுகிறேன். கப்பல் நேரத்துக்கு வைத்தால் பிறகு தொடுவதில்லை, அறிவிப்பு வந்தால் தவிர. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். சொந்தமாகச் சுற்றினால் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே தூரமான இடம் என்றால் அவர்கள் சுற்றுலா, நடந்து போகும் இடம் என்றால் என் கால். சாண்டோரினி போல, நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்குக் கொண்டுபோகும் இடங்களில் திரும்பும் வரிசைக்கே தனி நேரம் ஒதுக்குங்கள். பாஸ்போர்ட்டின் நகல், ஒரு வங்கி அட்டை, அந்த ஊரில் கப்பலின் சார்பாக இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண் மூன்றும் கரைப் பையில் இருக்கட்டும். முகவர் எண் அன்றாட நிகழ்ச்சித் தாளில் சிறிய எழுத்தில் இருக்கும்.

பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் கேலியாகப் பார்க்கிறார்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறி, 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்: இதுதான் ஆபத்துக்கான அழைப்பு. இப்போது பல கப்பல்களில் போனிலேயே படம் பார்த்துவிட்டு, ஆபத்தின்போது நாம் கூட வேண்டிய நிலையத்தில் முகம் காட்டினால் போதும். நான் ஒரு படி கூடுதலாக, கேபினிலிருந்து அந்த நிலையத்துக்கு லிஃப்ட் இல்லாமல் ஒருமுறை நடந்து பார்ப்பேன். இருட்டில் என்னை யாரும் கை பிடித்து இழுத்துப்போகப் போவதில்லை.

சாப்பாட்டு மேசை பற்றிப் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பகிர்ந்துகொள்ளும் பெரிய மேசையைக் கேளுங்கள், எட்டுப் பேர் மேசையானால் நல்லது. நான்கு பேர் மேசையில் ஒரு தம்பதி சண்டையிட்டால் தப்பிக்க வழியில்லை. முதல் நாள் நிகழ்ச்சித் தாளில் 'தனிப் பயணிகள் சந்திப்பு' என்று ஒன்று இருக்கும். கட்டாயம் போங்கள்; பத்தில் ஆறு முறை சலிப்பாகத்தான் இருக்கும், மீதி நான்கில் பயணம் முழுவதற்கும் துணை கிடைக்கும். ஒன்று மட்டும்: கேபின் எண்ணைச் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால் "முன்பக்கம் எங்கோ, நானே தொலைந்துபோகிறேன்" என்று சிரித்துவிடுவேன். தனியாக இருக்க வேண்டிய மாலைகளில் புத்தகத்தோடு சின்ன மேசைக்குப் போகிறேன். பரிமாறுபவர்கள் பாவம் என்று பார்ப்பார்கள் என முதலில் நினைத்தேன். உண்மையில் அவர்களுக்கு அது சீக்கிரம் காலியாகும் மேசை, அவ்வளவுதான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனை ஏறியவுடன் விமானப் பயன்முறையில் வையுங்கள். நடுக்கடலில் கப்பலின் செல்போன் இணைப்பு தானாகப் பிடித்துக்கொண்டால் வரும் பில்லைப் பார்த்து இன்னொரு முறை மயக்கம் வரும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு. நாலைந்து காந்தக் கொக்கி எடுத்துப்போனால் தொப்பி, பை, ஈரத் துணி எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியும் மின்னெழுச்சித் தடுப்பு (சர்ஜ் புரொடெக்டர்) கொண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியும் கொண்டுபோனால் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேர மாலையாகிவிடும்; மருந்தும் மாற்று உடையும் கைப்பையில் இருக்கட்டும்.

கடைசி நாளிலும் அதே பெட்டிதான். முந்தைய இரவே அதைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். எட்டாவது பயணத்தின் முடிவில் நான் அவ்வளவு ஒழுங்காக எல்லாவற்றையும் அடுக்கி, பூட்டி, வெளியே தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். "நாளைக்குக் காலில் எதைப் போட்டுக்கொள்ளப் போகிறாய்?" என்று கேட்க ஆளில்லை. மறுநாள் காலை, கேபினில் வைத்திருந்த வெள்ளைத் துணிச் செருப்போடு, குடியேற்ற அதிகாரியின் முன்னால் வரிசையில் நின்றேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார்.