நூற்றுக்கு அதிபதி நேரில் வந்தாரா?

கலிலேயாவின் கப்பர்நகூம் ஊரில் நூற்றுக்கு அதிபதியின் (நூறு வீரர்களுக்குத் தலைவரான, யூதரல்லாத படை அதிகாரியின்) வேலைக்காரன் இயேசுவால் குணமானதை விவிலியத்தின் நற்செய்தி நூல்களான மத்தேயு 8ஆம் அதிகாரமும் லூக்கா 7ஆம் அதிகாரமும் கூறுகின்றன. மத்தேயுவில் அவர் தாமே இயேசுவிடம் வந்து வேண்டுகிறார். லூக்காவிலோ அவர் இயேசுவை நேரில் சந்திப்பதே இல்லை, முதலில் யூத மூப்பர்களையும், இயேசு வீட்டை நெருங்குகையில் நண்பர்களையும் அனுப்புகிறார். ஆள்வழிக் கேட்டதையே மத்தேயு அவர் கேட்டதாகச் சுருக்கினார் என்ற பண்டைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீனாரின் பழைய விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆயினும், நீர் என் வீட்டுக்குள் வர நான் தகுதியற்றவன் என்னும் சொற்கள் லூக்காவில்தான் என்னை மிகவும் நெகிழச் செய்கின்றன. யூதரின் வழிபாட்டிடமான ஜெப ஆலயம் கட்டித் தந்த இவர் தகுதியுள்ளவர் என்று மூப்பர்கள் பரிந்துரைத்த பிறகும், தாம் எதிரே வரவும் தகாதவர் என்று அவர் விலகியே நிற்கிறார். கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து யூதரின் மூதாதை ஆபிரகாமோடு பந்தியிருப்பார்கள் என்ற இயேசுவின் வாக்கை மத்தேயு இங்கேயே வைக்க, லூக்கா அதை 13ஆம் அதிகாரத்தில் வேறொரு சூழலில் தருகிறார்.