ராயபுரம் வரலாற்று நடை: உயர்நிலைப் பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம்

ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்களுக்காக ஞாயிறு காலையில் நடத்துகிறார்கள், நானும் எங்கள் தெருப் பிள்ளைகளோடு போயிருந்தேன். ராயபுரம் ரயில் நிலையத்தில் ஆரம்பம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது என்று அந்தப் பெரிய தூண்களுக்கு முன்னால் நின்று சொன்னதும், தினமும் அதே வழியாக டியூஷனுக்குப் போகிற பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்து ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18, கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம். இதைக் கொஞ்சம் வேகமாக முடித்துவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆலைத் தொழிலாளர் கதைதான். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதை வழிநடத்திய திரு.வி.க., வாடியா, அப்புறம் 1921 பின்னி துணி ஆலை வேலைநிறுத்தம், அது சாதியால் பிளந்து புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தது வரை எதையும் பூசி மெழுகாமல் சொன்னார்கள். "மாசக்கணக்கா சம்பளம் இல்லேன்னா உங்க வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டபோது, பாடப் புத்தகத்தில் வருடத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு ஏன் நடப்பதில்லை என்று ஆதங்கமாக இருந்தது.

குறை என்றால், மைக் இல்லை. கண்டெய்னர் லாரி போனால் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது, அதனால் பிள்ளைகளை முன்னால் நிற்கச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்து அனுப்புங்கள்.