மதுரையில் மூளை எம்.ஆர்.ஐ.: மெலனோமா உள்ளவர்கள் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் மெலனோமாவுக்கு (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்) சிகிச்சை பெறுபவருக்கு, லீவில் ஊருக்கு வந்த இடத்தில் விடாத தலைவலியோ வலிப்போ வந்தால் மதுரையில் ஸ்கேன் கிடைப்பது சிரமமில்லை. காலையில் டாக்டர் சீட்டோடு போனால் பெரும்பாலும் அன்றே ரிப்போர்ட். சரியான ஸ்கேனை எடுக்க வைப்பதில்தான் கவனம் வேண்டும். இந்தப் புற்றுநோய் நம் பக்கம் அபூர்வம் என்பதால் இங்கே பழக்கம் குறைவு. வந்தாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே அதிகம்.

சீட்டில் "தலைவலி, மூளை எம்.ஆர்.ஐ." என்று மட்டும் இருந்தால் கவுண்டரில் பிளெய்ன் ஸ்கேனுக்கே (ஊசி மருந்து இல்லாதது) பில் போடுவார்கள். அதில் சின்னக் கட்டிகள் தப்பிவிடும். "மெலனோமா நோயாளி, மூளைக்குப் பரவல் உண்டா, கான்ட்ராஸ்ட்டுடன்" என்று எழுதி வாங்குங்கள். கான்ட்ராஸ்ட் என்பது கட்டியைத் துலக்கிக் காட்டப் போடும் ஊசி மருந்து. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிசல்ட்டை முந்தின நாளே எடுத்து வையுங்கள்.

ஊசிக்கு முன் ஒரு டி1 (எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படம்), பின் அதே அமைப்பில் இன்னொரு டி1, இரண்டும் 1 மி.மீ. தடிமன் துண்டுகளாக 3டி. டெக்னீஷியனிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நேரம் மிச்சம் என்று முதல் படத்தை விட்டுவிட்டால் மெலனோமாவில் பெரிய குழப்பம் வரும். மெலனின் என்ற நிறமி இருக்கும் கட்டி, மருந்து ஏறாமலேயே டி1-இல் வெள்ளையாகத் தெரியும். இந்தக் கட்டிகள் ரத்தம் கசிபவை. சில நாள் ஆன ரத்தமும் அதே வெள்ளைதான். முன்படம் இல்லாமல், ஒரு வெள்ளைப் புள்ளி மருந்தை இழுத்ததா, முன்பே வெள்ளையா என்று ரேடியாலஜிஸ்ட் எப்படிச் சொல்வார்? கசிவைப் பார்க்க எஸ்.டபிள்யூ.ஐ. (ரத்தக் கசிவைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படவகை)-யும் சேரட்டும்.

கான்ட்ராஸ்ட் மருந்து கேடோடெரேட் என்ற வகை என்றால் கிலோவுக்கு 0.2 மி.லி.; 60 கிலோ ஆளுக்கு 12 மி.லி. ஊசி போட்ட கையோடு எடுத்தால் குட்டிப் புள்ளிகள் மங்கலாகவே இருக்கும். ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

"பெட் ஸ்கேன் சுத்தம், மூளைக்கு வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பெட் ஸ்கேன், சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டுவது. மூளை இயல்பாகவே சர்க்கரையை இழுப்பதால் அதில் சின்னக் கட்டி மறைந்துபோகும்.

பழைய ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் (சி.டி.) கொடுங்கள்; ஒப்பிட்டால்தான் வளர்ச்சி தெரியும். ஃபிலிம் மட்டும் போதாது, முழு டைகாம் (ஸ்கேன் படங்களின் கம்ப்யூட்டர் கோப்புகள்) வேண்டும். நான் ஊருக்கு வந்த இந்தப் பயணத்தில் ஒரு சென்டர் தந்த சி.டி.யில் பொறுக்கி எடுத்த சில படங்களே இருந்தன. 1 மி.மீ. வரிசை என்றால் தலை முழுக்க 150 படங்களுக்கு மேல் வரும். அங்கேயே லேப்டாப்பில் போட்டு எண்ணிப் பாருங்கள். இருபது முப்பதுதான் இருந்தால் திரும்பக் கேளுங்கள்.