ஸ்ரீரங்கத்தில் அம்மாவை நடக்க வைக்க ஆள் தேடிய கதை

அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து போனதே, அவர் நாள் முழுக்க நாற்காலியில் கிடப்பதை மாற்ற ஊரில் என்ன வசதி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

முதலில் ஹோம் நர்ஸ் ஏஜென்சி. பெயர் வேண்டாம். மாதம் 20,000 ரூபாய். வந்த பெண் தங்கமான பெண்தான். குளிப்பாட்டுவார், தானாகச் சாப்பிடத் தெரிந்தவருக்கு ஊட்டியும் விடுவார், டீவியைப் போட்டு உட்கார வைப்பார். அம்மா எழுந்தாலே, "உட்காருங்க பாட்டி, விழுந்துடுவீங்க!" ஏஜென்சியில் கேட்டால், "விழாம பாத்துக்கறதுதான் சார் எங்க டியூட்டி" என்றார்கள். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே காலில் வலு போய், பாத்ரூம் போவதற்குள் தடுமாறுகிறார்.

அரசு பக்கம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. அம்மா நடமாடுகிறவர் என்பதால் தனியாக ஒரு பிசியோவைப் பிடித்தோம். ஒரு தடவைக்கு 500 ரூபாய்.

அந்தப் பையனிடம் கற்றதுதான் இந்தப் பயணத்தின் லாபம். "காலைத் தூக்குங்க" என்று அவன் சொல்லவே இல்லை. எதிரே உட்கார்ந்து தன் காலைத் தூக்கினான், அம்மாவும் தூக்கினார். நாற்காலியிலிருந்து எழுப்ப, ஒரு பலூனைக் கைக்கு எட்டாத உயரத்தில் தட்டினான். நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள் என்றான். உண்மைதான், "சாப்டியாம்மா?" என்றதும் அம்மா அப்படியே நின்றுவிடுகிறார். பதில் யோசிப்பதும் கால் வைப்பதும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. வாசற்படியில் கிடந்த கறுப்பு மிதியடியையும் எடுக்கச் சொன்னான். அது அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாமாம். எடுத்த பிறகு வாசலைத் தயங்காமல் தாண்டினார்.

உடற்பயிற்சி செய்தால் மறதி குறையும் என்று ஒரு கிளினிக்கில் பேக்கேஜ் விற்கப் பார்த்தார்கள். 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், நாலு மாதம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தும் உடம்பு தேறியதே தவிர மறதி மட்டுப்படவில்லை. எனக்கு உடம்பு தேறினால் போதும். தானாக எழுந்து பாத்ரூம் போனால் அண்ணியின் முதுகு தப்பிக்கும்.

"வாக்கிங் போலாமா" என்றால் அம்மா அசைய மாட்டார். "பெருமாளைச் சுத்திட்டு வருவோம்" என்றால் உடனே புடவையைச் சரி செய்கிறார். கோயிலைச் சுற்றியுள்ள உத்திர வீதியில் வலமாக விட்டால் போதும், திருப்பத்தில் கால் தானே திரும்புகிறது. ஒரே தொல்லை, கோபுரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். தரை கொதிக்கும்.

கூட நடக்க மட்டும் ஆள் அனுப்புங்கள் என்றால் எந்த ஏஜென்சிக்கும் புரியவில்லை. முதியோர் உதவி எண் 14567ஐக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டு விவரம் சொன்னார்கள், ஆனால் நடைத்துணைக்கு ஆள் அவர்களிடமும் இல்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் பூக்கட்டும் அக்கா மாலை நாலரைக்கு வர ஒப்புக்கொண்டார். மாதம் 3,000. நடந்து வந்ததும் அம்மா கையிலும் கொஞ்சம் மல்லியும் நாரும் கொடுக்கிறார், அது சம்பளத்தில் சேராது. சித்திரை வெயிலுக்கு நடையைக் காலை ஆறரைக்கு மாற்ற வேண்டும். அண்ணிக்கு அது டிபன் நேரம். இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.