அலமாரியைச் சுவரோடு கட்டும் பட்டை: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

பினாங்கு ஜெலுத்தோங்கில் 17ஆவது மாடியில் குடியிருக்கிறேன். 2012 ஏப்ரல் 11, மாலை நாலரை மணி வாக்கில் கூடத்து விளக்கு தானாக ஆடியதை இங்கேதான் பார்த்தேன். சுமத்ரா பக்கம் கடலடியில் 8.6 அளவில் நில நடுக்கம். நிலம் மேலெழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய சுனாமி வரவில்லை. 2004 சுனாமியைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். அன்றைக்குக்கூட எனக்கு அலமாரி நினைப்பு வரவில்லை.

வரவழைத்தது மியன்மாரின் மண்டலே நகரம். 2025 மார்ச் 28, அங்கே மதியம் 12.50க்கு சகாயிங் நிலப்பிளவு நழுவி 7.7 அளவில் நில நடுக்கம். என் சித்தி மகள் குடும்பம் அங்கேதான். மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. கிடைத்ததும் அக்கா முதலில் சொன்னது: "இரும்பு அலமாரி கட்டில் மேல விழுந்து கிடக்குடி. பிள்ளை என்கூட அடுப்படியில இருந்தான்."

அப்போது அங்கே தாசி என்ற ஊர் அருகே ஒரு கேமராவில் பதிவான காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தரை மொத்தமாக ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். 1.3 நொடியில் 2.5 மீட்டர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அன்றே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் இடிந்தது. வேகமான அதிர்வு தூரத்தில் அடங்கிவிடும். மெதுவான அலை வந்து சேரும். அது ஆட்டுவது எங்களைப் போன்ற மாடி வீடுகளைத்தான்.

சரி, பட்டைக்கு வருகிறேன். முதலில் வாங்கியது ஒட்டும் வகை, 15 வெள்ளி (ரிங்கிட்). இரண்டே வாரத்தில் சுவர்ப் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அடுத்தது நைலான் பட்டை, இரண்டு முனையிலும் இரும்புத் தகடு. நாலு பட்டை 28 வெள்ளி. பட்டை நல்ல கெட்டி. ஆனால் கூட வரும் ஸ்குரூ ஒரு விரல்கட்டை நீளம்கூட இல்லை. ஹார்ட்வேர் கடை அங்கிள் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது சுவருக்குப் பத்தாதும்மா" என்று 50 மில்லிமீட்டர் ஸ்குரூவும் சுவர் ஓட்டைக்குள் செருகும் பிளக்கும் எடுத்துக் கொடுத்தார். எட்டுக்கும் சேர்த்து 4 வெள்ளிதான். அலமாரியின் பின்பலகை மெல்லிசு, அதில் அடிக்காதே, மேல் சட்டத்தில் அடி என்றும், சுவர்த் தகடு அலமாரித் தகட்டைவிடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும் என்றும் சொன்னார். இதெல்லாம் அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும். அதில் இருப்பதோ ஒரே ஒரு மங்கலான படம்.

மாட்டி ஆறு மாதம் ஆகிறது. அலமாரியின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்தால் ஒரு விரல் அகலம் வந்து நின்றுவிடுகிறது. பட்டையை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கி மட்டும் மெல்ல மெல்லத் தளர்கிறது. மாதம் ஒருமுறை இழுத்து இறுக்குகிறேன். கொக்கியும் இரும்பாக இருந்தால் இன்னும் பத்து வெள்ளி தரவும் தயார். சின்னப் பிள்ளைகள் தூங்கும் அறை என்றால் நில நடுக்கம் வரை காத்திருக்க வேண்டாம், பிள்ளைகள் இழுப்பறையில் ஏறினாலே அலமாரி சாயும்.

அக்காவுக்கும் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். யாங்கோன் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், அந்த 50 மில்லிமீட்டர் ஸ்குரூக்களோடு.